பிரித்து வைத்த அரிசி

பேபி என்று பெயரைக் கேட்டதும் யாரோ சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். இரும்புலியூர் ஏரிப் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில் குடியிருக்கும் அந்த அம்மாளுக்கு வயது ஐம்பத்து மூன்று. முழங்கால் வலி உண்டு, மூக்குக் கண்ணாடி உண்டு, பள்ளிக்கரணையில் கட்டிக்கொடுத்த கிறிஸ்டினா என்று ஒரே ஒரு மகள் உண்டு. புருஷன் ஏசுபாதம் ஸ்கூல் வேன் ஓட்டியவர். அவர் இறந்து பத்து மாதம் ஆகிறது. பத்து மாதமாகப் பேபி வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சமைக்கிறாள், தூங்குகிறாள். யாராவது வாயைக் கிளறினால் "ஆங், கீறேன்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

தெருவில் பேசாமல் இருப்பார்களா? "இன்னா மனசுடா அது, புருசன் போயிக்கீறான், பொம்பள பதினாறாம் நாளே டிபன் பாக்ஸத் தூக்கிகினு கம்பெனிக்குக் கிளம்பிட்ச்சே" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பேபிக்கே தெரியவில்லை. பல் பிடுங்கப் போனால் ஊசி போடுவார்களே, அப்புறம் கன்னத்தைக் கிள்ளினாலும் யாருடைய கன்னத்தையோ கிள்ளுவது போல இருக்குமே, அப்படி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. வலி இல்லை. வலி இல்லையே என்கிற கவலையும் இல்லை.

அவளுக்கு வேலை சானடோரியம் பக்கம் ஒரு துணி ஏற்றுமதி கம்பெனியில், செக்கிங் பிரிவில். தைத்து வருகிற சட்டையை ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று போட வேண்டும். பதினெட்டு வருஷமாக இதே மேஜை, இதே நாற்காலி. சூப்பர்வைசருக்கே சந்தேகம் வந்தால் "பேபிக்கா, இத்தக் கொஞ்சம் பாரு" என்றுதான் கொண்டுவருவான். சும்மா சொல்லக்கூடாது, கண் அப்படி.

இனி அரிசிக்கு வருவோம். கதையே அதுதான்.

பேபி போகிற சர்ச்சில் பெண்கள் பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு டின்னில் போட்டுவிட வேண்டும். அது ஆண்டவருடைய பங்கு. மாதத்தின் முதல் ஞாயிறு அன்று எல்லா வீட்டு டின்களும் சர்ச்சுக்குப் போகும். அங்கே ஒரே சாக்கில் கொட்டி, ஆதரவற்றோர் இல்லம் ஒன்றுக்கு அனுப்பிவிடுவார்கள். பல வீடுகளில் இந்தப் பழக்கம் எப்போதோ போய்விட்டது. குக்கரில் அரை டம்ளர் அரிசி வைக்கிற வீட்டில் கைப்பிடி எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும்? மாதக் கடைசியில் கடையில் ஒரு கிலோ வாங்கிக் கவரோடு கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். பேபி அப்படிச் செய்கிறவள் இல்லை. கல்யாணத்துக்கு வந்த பிஸ்கட் டின் ஒன்று, மூடி இறுக்கமாக இருக்கும், சமையலறையில் மேல் பலகையில் அதற்கென்று ஓர் இடம். இருபத்தொன்பது வருஷத்தில் அந்த டின்னில் வேறு எதுவும் இருந்ததில்லை. அதிலிருந்து ஒரு மணி அரிசி வீட்டு உலைக்குப் போனதும் இல்லை.

ஒரு தடவை வேன் வேலை இல்லாமல் ஏசுபாதம் மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். டிரம்மில் அரிசி தீர்ந்துவிட்டது. டின்னில் முக்கால் அளவு இருந்தது. பேபி எதிர் வீட்டுக்குப் போய், ஆட்டோ ஓட்டும் சிட்டிபாபுவின் மனைவியிடம் ஒரு படி அரிசி கைமாற்றாக வாங்கி வந்தாள். வாங்கி வந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? அந்தக் கைமாற்று அரிசியிலும் ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டாள்! ஏசுபாதம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அது ஏன் என்று அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவரும் அதே வார்ப்புதான். கிறிஸ்டினா ஐந்து வயதில் சொப்பு வைத்து விளையாட அந்த டின்னிலிருந்து அரிசி அள்ளியபோது, பிள்ளை மேல் ஒரு நாளும் கை ஓங்காத மனுஷன் முதுகில் ஒன்று வைத்தார். அதற்குப் பிறகு கிறிஸ்டினா அந்தப் பலகைப் பக்கம் போனதே இல்லை.

மிக்ஜாம் புயல் வந்தது ஒரு முதல் ஞாயிறில். டிசம்பர் மூன்றாம் தேதி. காலையிலிருந்தே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. டின்னைப் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்த பேபி வாசலில் நின்று பார்த்தாள். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். "வுடு, அடுத்த வாரம் குடுத்துக்கலாம்" என்றார் ஏசுபாதம். டின் திரும்பவும் பலகைக்குப் போயிற்று.

திங்கட்கிழமை விடிகாலையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. வந்தது என்றால் நின்று நிதானமாக இல்லை. கட்டில் கால் நனைகிறதே என்று எழுந்து லைட்டைப் போடப் போவதற்குள் கரண்ட் போயிற்று, விளக்கு ஏற்றுவதற்குள் முழங்கால், மாடிப்படிக்குப் போவதற்குள் இடுப்பு. தரைத்தள வீடுதான், மேலே மொட்டைமாடி, படி முடிகிற இடத்தில் ஆறடிக்கு ஆறடி ஒரு ஷெட். ஏசுபாதம் வீட்டுப் பத்திரத்தையும் தன் இன்சுலின் டப்பாவையும் எடுத்துக்கொண்டார். பேபி இரண்டு போர்வையை எடுத்தாள், அப்புறம் சமையலறைக்கு ஓடினாள். மேஜை மேல் பிரெட் இருந்தது. சர்க்கரை டப்பா இருந்தது. வாழைப்பழம்கூட நாலு இருந்தது. பேபியின் கை நேராக மேல் பலகைக்குப் போயிற்று. ஆண்டவருடையது நனைந்துவிடக் கூடாதே! டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டாள். பிரெட் மிதந்து போனதை யார் பார்த்தார்கள்?

மணி ஏழரை ஆனது. எட்டு வருஷமாக ஏழரைக்கு ஊசி போட்டுப் பழகிய கை. ஏசுபாதம் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டார். போட்ட பிறகுதான் சாப்பிட ஒன்றும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் உறைத்தது. எதிரில், மாடி வீட்டு ஜன்னலிலிருந்து சிட்டிபாபு கையை ஆட்டினான். "அக்கா! போட் வந்துகினே கீதாம்! சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டாரானுங்களாம்! இதோ இப்ப வந்துடுவானுங்க!" அவன் வீட்டில் சமைத்திருந்தார்கள். ஆனால் நடுவில் தெரு இல்லை, ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பதரைக்கு ஏசுபாதத்துக்கு வியர்த்தது. அந்தக் குளிரில், நனைந்த சட்டைக்குள் வியர்த்தது. கை நடுங்கியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் டின்னைப் பார்த்தார். அப்புறம் பேபியைப் பார்த்தார்.

"பேபி, அதுல ஒரு பிடி குடேன். மென்னுகினு கீறேன்."

"ஐயோ, அது ஆண்டவருதுங்க," என்றாள் பேபி. "போட் வந்துடும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

"சரி," என்றார் ஏசுபாதம்.

அவ்வளவுதான். மறுபடி கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டார். ராத்திரி அரைகுறைத் தூக்கம்தான், தூங்கட்டும் என்று பேபி போர்வையைப் போர்த்திவிட்டாள். போட் ஒரு மணிக்கு வந்தது. எழுப்பினாள். எழுந்திருக்கவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. நான்கு பேர் சேர்ந்து அவரை போட்டில் இறக்கினார்கள். பேபி டின்னோடு ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் கேட்டார், "சுகர் ரொம்ப லோவா போயிருக்கும்மா. ஊசி போட்டதுக்கப்புறம் ஏதாவது குடுத்தீங்களா? வாயில போட ஒண்ணுமே இல்லையா வீட்ல?"

"எல்லாம் தண்ணில போயிட்ச்சு சார்," என்றாள் பேபி. டின் அவள் மடியில் இருந்தது.

அது வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. அந்த நிமிஷத்தில் அவளுக்கு அப்படித்தான் இருந்தது. சாப்பிட என்று இருந்ததெல்லாம் தண்ணீரில் போய்விட்டது. டாக்டரும் டின்னைப் பார்த்தார். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஏசுபாதம் போய்விட்டார். அழுதுகொண்டு ஓடிவந்த கிறிஸ்டினாவும் டின்னைப் பார்த்தாள். "இதையும் காப்பாத்திகினு வந்தியாம்மா" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அது மகளுக்கு ஓர் ஆறுதல் ஆகிவிட்டது. அப்பா போனார், வீட்டுச் சாமான் போயிற்று, ஆனால் அம்மா ஆண்டவருடையதை விடவில்லை. போகிற இடமெல்லாம் கிறிஸ்டினா இதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அந்த டின்னை அடுத்த முதல் ஞாயிறுக்கும் பேபி கொண்டுபோகவில்லை. அதற்கடுத்த ஞாயிறுக்கும் இல்லை. புதிதாக ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி, அதில் தினமும் பிடி எடுத்துப் போட்டு, அதைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். பழைய டின் பலகையிலேயே இருந்தது. வண்டு வராமல் மாதம் ஒரு தடவை மாடியில் காயவைத்து, வேப்பிலை போட்டு மூடி வைத்தாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. சமைக்கவும் கை வரவில்லை, கொடுக்கவும் கை வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் கிறிஸ்டினா வந்தபோது அதைப் பார்த்துவிட்டாள். "யம்மா, அந்த அரிசியா இது? இன்னும் குடுக்கலயா நீ?" கேட்டவள் சும்மா இருந்தாளா? சர்ச் பெண்கள் சங்கத்துச் செயலாளர் ஈவ்லினுக்கு அங்கிருந்தே போன் போட்டாள். ஈவ்லின் அம்மாள் நல்லவர். நல்லவர்களுக்கே உரிய அவசரம் கொண்டவர். அக்டோபரில் அறுப்பின் பண்டிகை, விளைந்ததையும் வீட்டில் செய்ததையும் காணிக்கையாகக் கொண்டுவந்து சர்ச்சுக்காக ஏலம் விடுவார்கள், ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒருவர் எழுந்து கூட்டத்துக்குச் சாட்சியாகச் சொல்வார். மறுநாளே வீட்டுக்கு வந்து பேபியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், அறுப்பின் பண்டிகைல நீங்க சாட்சி சொல்லணும். வெள்ளத்துல எல்லாம் போயும் இந்த அரிசிய காப்பாத்துனீங்களே, எத்தன பேருக்கு அது விசுவாசத்த குடுக்கும்! நீங்க சாட்சி சொன்னவுடனே ஏலத்துல முதல்ல இந்த டின்னதான் வெக்கறோம்."

"எனக்குப் பேச வராதுக்கா," என்றாள் பேபி.

"ரெண்டு வார்த்த போதும் சிஸ்டர். உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

உள்ளதை உள்ளபடி. பேபி தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று சொல்லவும் தெம்பு வேண்டுமே.

பண்டிகைக்கு முன் வந்த வியாழக்கிழமை சாயங்காலம் வேதபாட வகுப்பு. ஆயர் ஜெபராஜுக்கு நாற்பது வயது இருக்கும். சொற்களைப் பிரித்துப் பார்ப்பதில் அவருக்கு ஓர் ஆசை. அன்றைக்குப் பரிசுத்தம் என்கிற சொல்லை எடுத்துக்கொண்டார்.

"நாம பரிசுத்தம்னு சொல்றோம். இது வடமொழியிலேர்ந்து வந்தது. பரின்னா சுத்திலும், முழுசா. சுத்தம்னா தெரியும். ஆக, முழுசா அழுக்கு நீங்கினதுன்னு அர்த்தம். அதனாலதான் பரிசுத்தம்னாலே நமக்குக் குளிக்கறது, தொவைக்கறது, வெள்ளை டிரஸ் எல்லாம் ஞாபகம் வருது. ஆனா எபிரேயத்துல இதுக்கு இருக்கற வார்த்தை கதோஷ். அதுக்கும் அழுக்குக்கும் சம்பந்தம் கிடையாது. அந்த வார்த்தையோட வேர் பிரித்து வைக்கறது, தனியா ஒதுக்கறதுன்னுதான் படிச்சவங்க நிறையப் பேர் சொல்றாங்க. ஒரு பாத்திரம் வீட்ல இருந்தா பாத்திரம். அதையே ஆலயத்துக்குன்னு எடுத்து வெச்சா அது பரிசுத்தம். பாத்திரத்துல ஒண்ணும் மாறல. பித்தளை பித்தளையாத்தான் இருக்கு."

பேபி பின் பெஞ்சில் இருந்தாள். கம்பெனியில் ரிஜெக்ட் சட்டையையும் இப்படித்தான் தனியாக எடுத்துப் போடுகிறோம், அதையும் அப்புறம் யாரும் தொடுவதில்லை என்று தோன்றியது. அப்போதுதான் ஆயர் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"இப்ப நம்ம பேபி சிஸ்டர் வீட்டு அரிசி இருக்கு. டிரம்முல இருக்கறதும் டின்னுல இருக்கறதும் ஒரே கடை அரிசிதான். டின்னுல இருக்கறதப் பரிசுத்தமாக்கினது என்ன? வானத்துலேர்ந்து அக்கினியா வந்துச்சு? சிஸ்டரோட கை! அந்தக் கை பிரிச்சு வெச்சதாலதான் அது பரிசுத்தம்."

எல்லோரும் திரும்பிப் பேபியின் கையைப் பார்த்தார்கள். பேபியும் பார்த்தாள். வகுப்பில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"பிரிச்சு வெச்சத அந்தக் கையே திருப்பி எடுக்கலாமா ஐயா?"

"எடுக்கலாமே," என்றார் ஆயர், புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே. "பசின்னு ஒருத்தர் வந்து நின்னா தாராளமா எடுக்கலாம். ஆண்டவர் என்ன, ஒரு பிடி அரிசிக்குக் கோவிச்சுக்கறவரா?"

அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். பேபி ஜெபம் முடியும் வரை உட்கார்ந்திருந்தாள், எல்லோரோடும் சேர்ந்து எழுந்தாள், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டு உரசிக்கொண்டு போயிற்று. டிரைவர் திட்டியது காதில் விழுந்தது. அவளுக்குத் திடுக்கென்றுகூட இல்லை.

அறுப்பின் பண்டிகை ஞாயிறு அன்று சர்ச் வளாகத்தில் கூட்டமான கூட்டம். வாசலில் வாழை மரம், ஷாமியானாவுக்குள் பூசணிக்காய், கரும்பு, வீட்டில் சுட்ட கேக், காலைக் கட்டிப் போட்ட சேவல் நான்கு. ஏலம் விடுகிறவர் பேங்கில் வேலை பார்க்கும் ஜெபசீலன். மனுஷனுக்கு மைக்கே வேண்டாம், தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். முன் வரிசையில் கிறிஸ்டினா புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு, இப்போதே கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் டின். யாரோ அதற்கு ஒரு சம்பங்கி மாலைகூடப் போட்டிருந்தார்கள்.

ஈவ்லின் அம்மாள் மைக்கைக் கையில் கொடுத்தார். பேபி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளம் வந்தப்போ நான் இந்த டின்னத் தூக்கிகினு மாடிக்குப் போனேன்," என்றாள்.

"ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம்.

"துன்றதுக்குக் கீழ பிரெட் இருந்திச்சு. அத்த எடுக்கல. இத்ததான் எடுத்தேன். அவரு ஊசி போட்டுகினாரு. அப்பால வேர்த்திச்சு அவருக்கு. இதுல ஒரு பிடி குடு, மென்னுகினு கீறேன்னு கேட்டாரு." அவள் குரல் ரேஷன் கார்டு நம்பர் சொல்வது போலத்தான் இருந்தது. "நான் குடுக்கல. ஆண்டவருதுன்னு சொல்ட்டேன்."

சேவல்கூட வாயை மூடிக்கொண்டது. இப்போது யாராவது எழுந்து நிற்பார்கள், அடிப்பாவி என்று கேட்பார்கள் என்று பேபி நின்றாள். பத்து மாதமாக அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள் போலிருக்கிறது.

"அல்லேலூயா!" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. கூட்டமே கை தட்டியது. "புருசன் கேட்டே குடுக்கலயே, இன்னா விசுவாசம்!" என்று ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள். ஈவ்லின் அம்மாள் பேபியைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆயர் ஜெபராஜ் மட்டும் கை தட்டவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அதாலதான் செத்துட்டாரு," என்றாள் பேபி. அதற்குள் மைக் ஜெபசீலன் கைக்குப் போய்விட்டது.

பேபி இறங்கி வந்து காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கிறிஸ்டினா. அவளும் கை தட்டவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பா கேட்டாராம்மா?"

"கேட்டாரு."

"நெஜமாவே வாய் தொறந்து கேட்டாரா?"

"ஒரு தபா கேட்டாரு. சரின்னு சொல்லிட்டு கண்ண மூடிகினாரு." பேபி மகளைப் பார்த்தாள். உதடு மட்டும் லேசாகக் கோணியது. "இன்னோரு தபா கேட்டிருந்தா குடுத்திருப்பேண்டி. சத்தியமா குடுத்திருப்பேன். இன்னோரு தபா கேக்கலயே அந்த மனுசன்."

மேஜையருகே ஜெபசீலன் டின்னைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கிறிஸ்டினா எழுந்து போனாள். ஏலம் கேட்கத்தான் வருகிறாள் என்று வழி விட்டார்கள். அவள் அவர் கையிலிருந்து டின்னைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவிடம் திரும்பி வந்தாள். தரையில் உட்கார்ந்து, மூடியை நெம்பித் திறந்து, ஒரு பிடி அரிசியை அள்ளி வாயில் போட்டு மென்றாள். நறநறவென்று மெல்லுகிற சத்தம் பேபிக்குக் கேட்டது. "ஏம்மா, காணிக்கைம்மா அது!" என்று பின்னால் யாரோ பதறினார்கள்.

கிறிஸ்டினா மெல்லுவதை நிறுத்தவில்லை. கண்ணீர் வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரில உன் மடியிலதானம்மா இருந்துச்சு," என்றாள். "நானும் பாத்தேன். பத்து மாசமா ஊரெல்லாம் சொன்னேன். இது அரிசின்னு எனக்கும் ஒரு தபாகூடத் தோணலம்மா."